அனிமேஷன் குடும்பப் படத்துக்கு டிரெய்லர் வெட்டுவது எப்படி: சிரிப்பு எங்கே, பயம் எங்கே, கண்ணீர் எங்கே?

டிரெய்லர் வெட்ட முதல்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் படத்தில் உள்ள நல்ல ஜோக்குகளை எல்லாம் டைம்லைனில், அதாவது வெட்டும் மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், இறக்கி, இடையில் ஒரு சோகக் காட்சியைச் சொருகி, கடைசியில் இசையை ஏற்றி முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் டிக்கெட் எடுப்பவர் அம்மாவோ அப்பாவோதான். அவர்களுக்கு எதுவும் தைக்காது. வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: மனசு உடையும் இடத்தை முதலில் வைத்து, அதைச் சுற்றி மற்றதைக் கட்ட வேண்டும்.

படிகளை விளக்க ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர். அப்பா உடம்பு தேற வேண்டுமென்று அப்பத்தா கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டிருக்கிறாள். அந்தக் கிடாக்குட்டி வெள்ளையனைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது எட்டு வயதுச் செல்வி. வெட்டும் நாளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறாள். அங்கே சித்திரைத் திருவிழா. முடிவு என்ன என்பது நமக்கு இங்கே தேவையில்லை, டிரெய்லரிலும் தேவையில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப்படத்தின் அனிமேட்டிக், அதாவது வரைபடங்களைக் குரலோடு கோத்த முன்வடிவம். முடிந்த ஷாட், பாதியில் நிற்கும் ஷாட், தொடாத ஷாட் என்று நிறம் பிரித்த பட்டியல். வசனம், இசை, சத்தம் மூன்றும் தனித்தனி ஒலிக்கோப்புகளாக. ஒன்றாகக் கலந்த ஒலி மட்டும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். வசனத்துக்கு அடியில் இசையை நிறுத்தவோ மாற்றவோ முடியாது.

நடிகர்களை வைத்து எடுத்த படங்களில் வேலை பார்த்தவர்கள் வழுக்குவது இங்கேதான். கேமராவில் எடுத்த ஷாட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அனிமேஷனில் அது பெரும்பாலும் கிடையாது. 52 ஃபிரேம், அதாவது 52 ஒற்றைப் படங்கள், தேவை என்று படத்தொகுப்பு சொன்னால் 52 ஃபிரேம்தான் வரைந்திருப்பார்கள். டிரெய்லருக்கு அந்த முகத்தை இன்னும் ஒரு நொடி வைக்க வேண்டுமென்றால் இழுக்க எதுவுமே இருக்காது. ஆகவே டிரெய்லருக்குப் போகும் என்று தோன்றும் 25, 30 ஷாட்டுகளை அனிமேஷன் தொடங்கும் முன்பே குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் 12 ஃபிரேம் கூடுதலாகக் கேளுங்கள். பின்னால் கேட்டால் ரெண்டருக்கு, அதாவது கணினி ஷாட்டை முடிந்த படமாக்கித் தரும் வேலைக்கு, வரிசையில் நிற்க வேண்டும். கடைசி ஃபிரேமை உறைய வைத்து ஒப்பேற்றினால் முகம் பொம்மையாகிவிடும்.

2. ஒரு வரியில் ஒரே ஒரு உணர்ச்சி

“இதைப் பார்த்து முடிக்கும்போது பார்ப்பவர் எதற்காகத் தவிக்க வேண்டும்?” என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதி, மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். நம் கதைக்கு: “இந்தப் பிள்ளை கையிலிருந்து அந்தக் குட்டியைப் பிடுங்கிவிடக் கூடாது.”

“பாசம், நட்பு, வீரம் கலந்த கதை” என்று எழுதினால் அது போஸ்டருக்கு ஆகும், வெட்டுவதற்கு உதவாது. எந்த ஷாட் வேண்டும், எது வேண்டாம் என்று அந்த வரி சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே அருமையான துரத்தல் காட்சி இருக்கலாம், மூன்று மாதம் உழைத்திருக்கலாம். செல்வி கையில் கயிறு இல்லாத ஷாட் என்றால் அது வெளியேதான். இதில் சண்டை வரும். வரட்டும்.

3. உடையும் இடத்தை முதலில் டைம்லைனில் வையுங்கள்

கிடா வெட்டுக்கு முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துலுக்கினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்கும் வரை காத்திருப்பார்கள். இந்த ஒரே ஷாட்டில் இரண்டு வேலை நடக்கிறது. நனைந்த குட்டி காது படபடக்க உதறுவது சின்னப் பிள்ளைக்குச் சிரிப்பு. விவரம் தெரிந்த பெரியவருக்கு அதே ஷாட்டில் வயிற்றைப் பிசையும். குடும்பப் படத்தின் டிரெய்லருக்கு இதைவிடப் பொருத்தமான ஷாட் கிடைக்காது.

வெட்டும் கணக்கு: நொடிக்கு 24 ஃபிரேம். தண்ணீர் விழுவது 30 ஃபிரேம். துலுக்குவது 40. உதறி முடித்துக் குட்டி அசையாமல் நிற்பது 16. பிறகு செல்வியின் முகம் 44. மொத்தம் 130, ஐந்தரை நொடிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் வரும் அந்த 16 ஃபிரேம் அசையாமையைத்தான் எல்லோரும் “தொய்கிறது” என்று வெட்டிவிடுகிறார்கள். அதை வெட்டினால் சிரிப்பு அடங்கும் முன்பே முகம் வந்துவிடும், சிரித்த பிள்ளைக்கு எதற்கு அக்கா அழுகிறாள் என்றே புரியாது.

அரிவாளைக் காட்டவே வேண்டாம். கழுத்தில் மாலையும் நெற்றியில் மஞ்சளும் போதும். அரிவாள் வந்த நொடியில் பெற்றோர் “இது நம்ம பிள்ளைக்கான படமில்லை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு எத்தனை ஜோக் போட்டாலும் திரும்ப மாட்டார்கள்.

4. பிறகு, இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்

உடையும் ஷாட்டுக்கு முன்னால் சுமார் 28 நொடி இடம் விடுங்கள். செல்விக்கும் குட்டிக்கும் உள்ள ஒட்டுதல் முழுக்க அதற்குள் வர வேண்டும். இதற்குக் குரல் விளக்கம் எழுதாதீர்கள். “செல்விக்கு வெள்ளையன்னா உசிரு” என்று ஒருவர் சொன்னால் காதில் விழும், மனசில் தங்காது.

மூன்றே செய்கைகள் போதும், ஆனால் மூன்றாவது செய்கை முதலாவதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குட்டி செல்வியின் பாவாடை நாடாவைச் சவைக்கிறது, அவள் பிடுங்குகிறாள். மழையில் இருவரும் ஒரே சாக்குக்குள். கடைசியில், தூங்கும் செல்வி தானாகவே நாடாவைக் குட்டி வாயில் கொடுக்கிறாள். ஒரு செய்கை இரண்டாம் முறை மாறி வரும்போதுதான் இடையில் நாள் கடந்திருக்கிறது, ஒட்டுதல் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குப் பிடிபடும்.

ஆட்டின் கண்ணில் ஒரு சிக்கல் உண்டு. நிஜ ஆட்டின் கண்மணி படுக்கைக்கோடாக இருக்கும். அப்படியே வரைந்தால் அது எங்கே பார்க்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, பார்வை தெரியாத முகத்தில் உணர்ச்சியும் தெரியாது. உருவத்தை வடிவமைக்கும்போதே கண்மணியைக் கொஞ்சம் உருட்டி, ஒளிப்புள்ளி ஒன்று வைத்து, மிச்ச நடிப்பைக் காதுக்குக் கொடுத்துவிடுங்கள். டிரெய்லருக்கு ஷாட் பொறுக்கும்போதும் காது நடிக்கும் ஷாட்டையே எடுங்கள். போன் திரையில் கண்ணைவிடக் காது பெரிதாகத் தெரியும்.

5. சிரிப்பைக் கடைசியாகப் பொறுக்குங்கள்

இப்போதுதான் ஜோக். ஒவ்வொன்றையும் இரண்டு பேரை நினைத்துச் சோதியுங்கள்: ஐந்து வயதுப் பிள்ளை, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா.

பிள்ளை அசைவுக்குச் சிரிக்கும். விழுவது, மாட்டிக்கொள்வது, தின்னக் கூடாததைத் தின்பது. புதுமண்டபத்துப் பக்கம் மல்லிகைச் சரத்தை முழம் முழமாக வெள்ளையன் உறிஞ்சித் தின்பது அந்த வகை. அம்மா சிரிப்பது ‘இது நம்ம ஊர்க் கூத்து’ என்று தெரிவதற்கு: பூக்காரம்மா அதைக் கண்டும் பதறாமல், தின்ற அளவைக் கையால் முழம்போட்டுக் காசு கேட்பது. ஒரே ஷாட்டில் இரண்டும் இருந்தால் வையுங்கள். பெரியவருக்கு மட்டும் புரிவது என்றால் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பெரியவருக்கான அந்த ஒன்றைக் கூசாமல் தேர்ந்தெடுங்கள். அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் பக்தரின் தோளில் ஆட்டுத்தோல் பை தொங்குகிறது. வெள்ளையன் மோந்து பார்க்கிறான், யாருடைய தோல் என்று புரிகிறது, காது இரண்டும் விறைக்கின்றன. பிள்ளைக்குக் காது விறைப்பது சிரிப்பு, பெரியவருக்குக் கருப்பான சிரிப்பு. இதை உடையும் ஷாட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் குட்டிக்கு என்ன ஆபத்து என்பதே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது, ஜோக் விழாது.

6. படத்துக்கு முன் ஒலியை வெட்டுங்கள்

திரையை அணைத்துவிட்டு, இரண்டு நிமிட ஒலியை மட்டும் முதலில் கோத்து முடியுங்கள். படத்தை அதன்மேல் வைப்பது பிறகுதான். உணர்ச்சி ஏறுவதும் இறங்குவதும் காது வழியாக நடக்கிறது, படம் அதை உறுதி செய்கிறது. படத்தை முதலில் வெட்டி இசையைப் பின்னால் ஒட்டினால் எல்லா வெட்டும் தாளத்தில் விழுந்து, இரண்டு நிமிடமும் ஒரே வேகத்தில் ஓடும்.

கோக்கும் அளவு ஏறக்குறைய இப்படி: முதல் 6 நொடி ஒரு சத்தமான, புதிரான தொடக்கம். 6 முதல் 34 வரை ஒட்டுதல். 34 முதல் 48 வரை துலுக்குவதும் ஓட்டமும். 48 முதல் 78 வரை ஊர் சுற்றலும் சிரிப்பும். 78 முதல் 98 வரை பயமும் அமைதியும். 98 முதல் 108 வரை ஏற்றம், அதாவது இசையும் வெட்டும் உச்சத்துக்கு ஏறும் பகுதி. பிறகு 3 நொடி பெயர், 7 நொடி கடைசிச் சிரிப்பு, 2 நொடி வெளியீட்டுத் தகவல்.

துலுக்கும் இடத்தில் இசையை நிறுத்துங்கள். மெல்லக் குறைப்பது வேண்டாம், உருமி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். காது உதறும் படபட சத்தமும் கழுத்துமணியும் மட்டும் மிஞ்சட்டும். ஒரு டிரெய்லரில் இப்படி ஒரு நிறுத்தம் போதும், இரண்டாவது நிறுத்தம் முதலாவதைக் கொன்றுவிடும். ஜோக்குக்கு முன்னாலெல்லாம் இசையை அறுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதைச் செய்துவிட்டால் உடையும் இடத்துக்கு உங்களிடம் ஆயுதம் மிச்சமிருக்காது.

தற்காலிக இசை: வேறு படத்தின் பிரபலமான இசையை வைத்து வெட்டாதீர்கள். உரிமை கிடைக்காது என்பது ஒரு பக்கம். அந்த இசையோடு வரும் அழுகை அந்தப் படத்துக்குச் சொந்தம். அதை எடுத்துவிட்டு உங்கள் இசையைப் போட்டதும் வெட்டு முழுவதும் வெறுமையாகத் தெரியும், இசையமைப்பாளர் மேல் பழி விழும்.

7. பயம்: எவ்வளவு, எத்தனை நொடி

பயம் இல்லாத குடும்பப் படம் சப்பென்று இருக்கும். ஆனால் தியேட்டர் இருட்டில் நாலு வயதுப் பிள்ளை அழுதால், அந்தக் குடும்பம் படத்துக்கு வராது.

மிரட்டும் உருவத்தை முழுதாகக் காட்டாமல் நிழல், காலடி, கை என்று காட்டுங்கள். தொடர்ச்சியாக 4 நொடிக்கு மேல் போக வேண்டாம், முடிந்ததும் 5 நொடிக்குள் ஆசுவாசம் வரட்டும். கூட்டத்தில் கயிறு கைநழுவும் காட்சியே இந்தக் கதைக்குப் போதுமான பயம். தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் அப்பா கையை விட்ட அனுபவம் மதுரைப் பிள்ளைகளில் பலருக்கு உண்டு, பிள்ளை கையை விட்ட பதற்றம் பெற்றோருக்கும் உண்டு. கேமரா செல்வியின் உயரத்தில் இருக்கட்டும். சுற்றிலும் வேட்டியும் கால்களும் மட்டும் தெரியட்டும். சத்தத்தைக் கூட்டாமல், தண்ணீருக்குள் கேட்பதுபோல் மழுக்குங்கள்.

அதன்பின் வரும் அமைதி குறைந்தது 6 நொடி. வைகை மணலில் தனியாக உட்கார்ந்திருக்கும் செல்வி, தூரத்தில் கழுத்துமணி. மணிச்சத்தம் வந்ததும் அவள் திரும்பும் முகத்தோடு வெட்டிவிடுங்கள். குட்டி கிடைத்ததா என்பதைக் காட்ட வேண்டாம். படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து எந்த ஷாட்டையும் எடுக்காதீர்கள். ஏற்றத்துக்கு ஷாட் போதவில்லை என்று தோன்றினால் நடுப்பகுதியை இன்னொரு முறை தேடுங்கள், இருக்கும்.

8. வசனமும் எழுத்தும்

டிரெய்லரில் வசனம் பத்து வரியைத் தாண்டினால் பாதியை வெட்டுங்கள். அப்பத்தா “சாமி உத்தரவு குடுத்துருச்சு” என்பது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் துலுக்குவதன் பொருள் வெளியூர்க்காரருக்குப் போய்ச் சேராது. செல்விக்கு “எங்கிட்டாச்சும் போயிருவோம்டா” என்ற ஒன்று போதும்.

பேச்சை ஒரே ஊரில் நிறுத்துங்கள். அப்பத்தா “வந்தாய்ங்க, போனாய்ங்க” என்று பேச, பேத்தி தொலைக்காட்சித் தமிழ் பேசினால், இருவரும் ஒரே வீட்டில் இருப்பதாக மதுரைக்காரர் எவரும் நம்ப மாட்டார். டிரெய்லருக்கென்று புதிதாக எழுதிய வசனத்தைப் பழைய ஷாட்டில் ஒட்டும்போது உதட்டைக் கவனியுங்கள். ம, ப இரண்டுக்கும் உதடு மூட வேண்டும். அந்த இரண்டும் பொருந்தினால் மற்ற எழுத்துகள் கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு எழுத்து அட்டையில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம், 48 ஃபிரேமாவது நிற்க வேண்டும். தமிழ்ச் சொல் நீளம், அதிலும் பெரியவர் பிள்ளைக்குப் படித்துச் சொல்ல நேரம் வேண்டும். “அன்பு வெல்லும்” மாதிரியான அட்டைகளைத் தூக்கிவிடுங்கள். படம் காட்டிவிட்டதை எழுத்து மறுபடி சொன்னால் இருப்பதும் நீர்த்துப்போகும்.

9. காட்டிப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள்

ஐந்தாறு குடும்பங்கள் போதும். ஆனால் ஒரே தெருவில் பிடிக்காதீர்கள். பாதி மதுரை நகரத்து அண்ணாநகர், வில்லாபுரம் பக்கம், பாதி மேலூர் அல்லது அலங்காநல்லூர்ப் பக்கம். கிராமத்துப் பிள்ளைக்கு மாலை போட்ட கிடாவைக் கண்டதுமே விஷயம் தெரியும். நகரத்துப் பிள்ளைக்கு அது அலங்காரம். நகரத்துப் பிள்ளை செல்வியின் முகம் வரும் வரை சிரித்துக்கொண்டிருந்து, முகம் வந்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் வெட்டு சரி. முகம் வந்த பிறகும் சிரிப்பு தொடர்ந்தால் முகத்துக்கு 8 ஃபிரேம் கூட்டிப் பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் கோளாறு முகத்தில் இல்லை, நான்காம் படியில் ஒட்டுதல் போதவில்லை.

பெற்றோர் அனுமதியோடு பிள்ளைகளின் முகத்தை ஒரு போனில் பதிவு செய்து, டிரெய்லரோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்த நொடியில் கண் திரையை விட்டு நகர்கிறது என்று குறியுங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே நொடியில் நகர்ந்தால் அது வெட்ட வேண்டிய இடம்.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடிச்சிருக்கு என்பார்கள். “அந்தக் குட்டிக்கு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் திணறி “எப்ப படம் வரும்?” என்றால் வேலை முடிந்தது. “அது தப்பிச்சிரும்” என்று உடனே சொன்னால் ஏற்றத்தில் ஏதோ ஒரு ஷாட் முடிவை உளறிவிட்டது, தேடி எடுங்கள்.

10. தியேட்டருக்கும் போனுக்கும் தனித்தனியாக

தியேட்டர்ப் பிரதியில் சத்தம் கூடிவிடும் தவறு அதிகம். டிரெய்லருக்கான வழக்கமான உச்சவரம்பு லெக்-எம் (Leq(m), டிரெய்லர் முழுவதின் சராசரிச் சத்தம்) அளவில் 85 டெசிபல். அதற்குள்ளேயே இருந்தாலும், அமைதிக்குப் பின் வரும் முதல் தாளத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பிள்ளைகள் காதைப் பொத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

போனில் நேர்மாறான பிரச்சினை. சின்ன ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி பெரும்பாலும் காணாமல் போகும். உருமியின் அடிமுழக்கம் கேட்காது என்றால், அதை அறுத்ததும் கேட்காது. உடையும் இடம் அங்கேயே செத்துவிடும். உருமியோடு பம்பையோ நாதஸ்வரமோ சேர்த்துவிடுங்கள், நிறுத்தம் தெரியும். யூடியூபுக்குத் தனியாக மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவில் ஒரு கலவை செய்யுங்கள். அதை விளம்பரமாக ஓட்டினால் 5 நொடியில் தாண்டிவிடும் வசதி பார்ப்பவருக்கு உண்டு, ஆகவே அந்த 5 நொடிக்குள் குட்டியின் முகம் வந்திருக்க வேண்டும். நிறுவனச் சின்னங்கள் எல்லாம் பிறகுதான்.

நெட்டு வடிவம், 1080க்கு 1920 பிக்சல்: அகலப் பிரதியின் இரு ஓரத்தையும் வெட்டி எடுத்தால் செல்வி ஒரு ஓரத்திலும் குட்டி இன்னொரு ஓரத்திலும் காணாமல் போவார்கள். இருவரும் ஒட்டி நிற்கும் ஷாட்டுகளை மட்டும் கொண்டு 30 நொடித் துண்டு ஒன்றைப் புதிதாக வெட்டுங்கள். ஒட்டுதலும் துலுக்குவதும் இருந்தால் போதும், திருவிழாவெல்லாம் அதில் வேண்டாம்.

தியேட்டரில் ஓட்ட டிரெய்லருக்கும் தணிக்கைச் சான்றிதழ் தனியாக வேண்டும். மண்டல அலுவலகம் சென்னையில், விண்ணப்பம் இணையத்தில். 2024 விதிகளில் யுஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்ப்பது) பிரிவு 7, 13, 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படத்தின் டிரெய்லர் எல்லா வயதினருக்குமான யு வாங்கிவிடுவது நல்லது, அப்போதுதான் யு படங்களோடு தயங்காமல் போடுவார்கள். டீக்கடைப் பெரியவர் கையில் பீடி இருக்கும் ஷாட் முழுப்படத்தில் எச்சரிக்கை வரியோடு இருந்துவிட்டுப் போகட்டும். விளம்பரத் துண்டில் புகையிலைப் பயன்பாட்டைக் காட்டக் கூடாது, பின்னணியில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ரெண்டருக்குப் போகும் முன்பே பின்னணி ஆட்களின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.